வயலில் ஓடும் இயந்திரத்துக்கு எந்தப் பெட்ரோல்?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

காவிரிப் பாசனப் பகுதியில் ஏர் மாடுகள் குறைந்து இயந்திரங்கள் பெருகிவிட்டன என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உழவுக்கு டிராக்டரும் பவர் டில்லரும், நடவுக்கு நடவு இயந்திரமும், களைக்குப் பவர் வீடரும், மருந்தடிக்க முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பானும், அறுப்புக்கு அறுவடை இயந்திரமும் இன்று வயலுக்கு வருகின்றன. இவற்றைத் தனித்தனியே வாங்க இயலாத சிறு விவசாயிகளுக்காகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவும் இயந்திரங்களை வாங்கிக் குறைந்த வாடகைக்கு விட்டு வருகின்றன. நெசவாளர் சங்கத்தாரிடத்திலும், மின்சாரம் தடைப்படும் வேளையில் தார் சுற்றவும் விளக்கெரிக்கவும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் இருப்பதுண்டு. ஆகையால் இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாகூரைச் சுற்றியுள்ள சங்கங்களில் ஒன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். நடவு இயந்திரத்தின் பெட்ரோல் கணக்கைப் பார்க்கையில், ஒவ்வொரு பற்றுச்சீட்டும் விலை உயர்ந்த, எண் கூடிய பெட்ரோலுக்கானதாகவே இருந்தது. காரணம் கேட்டேன். இயந்திரம் ஓட்டும் பெரியவர், "நம்பர் கூடினால் பலம் கூடும் என்றார்கள் ஐயா, சேற்றில் இழுக்கவேண்டிய மிஷின் ஆயிற்றே" என்றார். "சங்கத்துச் சொத்து, நல்லதாகவே போடட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்" என்றார் தலைவர். அதிகச் செலவுக்கு விளக்கம் கேட்டுத் தணிக்கைக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, என் கடமை தீர்ந்தது என்று திரும்பிவிட்டேன்.

சம்பா நடவு தொடங்கிய வாரத்தில் அதே இயந்திரம் கிளம்ப மறுத்தது. பழுது பார்ப்பவர் வந்து சேர ஐந்து நாட்கள் ஆயின. பாய் நாற்றங்காலில் விட்ட நாற்றை 15 முதல் 18 நாட்களுக்குள் இயந்திரத்தில் வைத்து நடவேண்டும். நாள் கடந்தால் நாற்று உயர்ந்து, வேர்கள் பின்னி, இயந்திரத்தின் விரல்கள் அதனை ஒழுங்காகப் பிரித்தெடுக்கமாட்டா. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விதவையான அங்கத்தினர் ஒருவர் சங்கக் கட்டிடத்துக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். "விலை கூடின பெட்ரோல்தானே ஊற்றினீர்கள்? பிறகு ஏன் ஐயா நின்றது?" என்று கேட்டார். அந்த அம்மாளின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பின் இயந்திரங்களின் கைப்புத்தகங்களைப் படித்தும், பழுது பார்ப்பவர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது?

எரிபொருளைப் பற்றிப் பேசுமுன், எஞ்சின் எவ்வகை என்று அறிந்துகொள்வது அவசியம். டிராக்டர், அறுவடை இயந்திரம், பெரும்பாலான பவர் டில்லர்கள் ஆகியவை டீசல் எஞ்சின் உடையவை. இவற்றுக்கு ஆக்டேன் எண்ணோடு சம்பந்தமே இல்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தி, அந்த அழுத்தத்தால் உண்டாகும் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எனவே டீசலுக்கு வேண்டிய குணம் விரைவில் தானே பற்றுதல். அதனை அளப்பது சீட்டேன் எண். நம் நாட்டில் இன்று விற்கப்படும் டீசலின் சீட்டேன் எண் 51க்குக் குறையலாகாது என்பது விதி.

நடந்துகொண்டே ஓட்டும் நடவு இயந்திரங்கள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின் உடையவை. உட்கார்ந்து ஓட்டும் பெரிய நடவு இயந்திரங்களிலும் பவர் வீடர்களிலும் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு. விசைத் தெளிப்பானிலும் புல்வெட்டும் கருவியிலும் பெரும்பாலும் இருப்பது, பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஆக்டேன் எண் பற்றிய பேச்சு முழுவதும் இப்பெட்ரோல் எஞ்சின்களுக்கே பொருந்தும்.

ஆக்டேன் எண் என்பது யாது?

பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டருக்குள் புகுகிறது. பிஸ்டன் மேலேறி அதனை அழுத்துகிறது. தக்க சமயத்தில் பிளக்கிலிருந்து ஒரு பொறி எழ, சுடர் அவ்விடத்திலிருந்து ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுவே முறை.

ஆனால் எதனையும் அழுத்தினால் சூடேறும். சுடர் வந்து சேருமுன்பே, சிலிண்டரின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக ஒரே கணத்தில் வெடித்துவிடுவதுண்டு. அப்போது உள்ளே சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். இதனைத் 'தட்டுதல்' என்பர். நெசவாளர் அங்கத்தினருக்கு இது எளிதில் விளங்கும். மிதியை மிதித்துப் பாவு இரு பிரிவாகப் பிரிந்து வழிவிட்ட பின்னரே நாடா ஓடவேண்டும். வழி திறக்குமுன் நாடா பாய்ந்தால், எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் துணி வளராது, இழைதான் அறும். எஞ்சினிலும் அவ்வாறே. ஒழுங்கு தப்பி எழும் வெடிப்பு வேலைக்கு உதவாமல் பிஸ்டனையும் கேஸ்கட்டையும் அரிக்கிறது.

இவ்வாறு தானாக வெடிக்காமல், பொறி வரும்வரை பொறுத்திருக்கும் தன்மையை அளப்பதே ஆக்டேன் எண். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க ரசாயன அறிஞர் கிரஹாம் எட்கர் இவ்வளவுகோலுக்கு வழி வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், மிக எளிதில் தட்டும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்றும் எண்கள் வழங்கப்பட்டன. ஒரு பெட்ரோலின் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவுக்கு அழுத்தம் தாங்குமோ, அந்த அளவுக்கு அதுவும் தாங்கும் என்பது பொருள். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஓட்டியே இதனை அளக்கிறார்கள்.

பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த மாத்திரத்தில் கிடைக்கும் நாப்தாவின் எண் குறைவாகவே இருக்கும். நாகூருக்கு அருகே பனங்குடியில் 1993ல் நிறுவப்பட்ட சுத்திகரிப்பு ஆலையை நம்மில் பலர் அறிவர். நரிமணம் எண்ணெய்க்கென எழுந்த ஆலை அது. காய்ச்சி வடித்தல் முதற்படி மட்டுமே. அதன்பின் மேலும் பக்குவப்படுத்தித்தான் வண்டிகளுக்கேற்ற எண்ணுக்குப் பெட்ரோல் உயர்த்தப்படுகிறது. எண்ணை உயர்த்த ஒரு காலத்தில் ஈயச் சத்தைக் கலந்தார்கள். 1921ல் கண்டுபிடிக்கப்பட்ட அம்முறை, ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு என்பது தெளிவானதால் நாட்டுக்கு நாடு கைவிடப்பட்டது. இந்தியா முழுவதும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது.

எண் கூடினால் பலம் கூடுமா?

பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான். ஆக்டேன் எண் பொறுமையின் அளவே அன்றி வலிமையின் அளவன்று. இதற்கு இரண்டு சான்றுகள் போதும். எத்தனால் என்னும் சாராயத்தின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிக அதிகம், 100க்கும் மேல். ஆயினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மறுபுறம், மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. ஆயினும் லிட்டருக்கு லிட்டர் அது தரும் வெப்பம் பெட்ரோலுக்குக் குறைந்ததன்று. எண் வேறு, வலிமை வேறு என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் உயர்ந்த எண் எவருக்குத் தேவை? கலவையை மிகுதியாக அழுத்தும் எஞ்சினுக்கே தேவை. கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை அழுத்த விகிதம் என்பர். வயலில் ஓடும் சிறு பெட்ரோல் எஞ்சின்களில் இது பெரும்பாலும் 8க்கும் 9க்கும் இடையில் இருக்கும். விரைவுக்கென்று செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களிலும் சில கார்களிலும் 11, 12 என்று உயரும். 12 மடங்கு அழுத்தும் எஞ்சினுக்கு உயர்ந்த எண் அவசியம். 8 மடங்கு அழுத்தும் எஞ்சினில் சாதாரணப் பெட்ரோலே தட்டாமல் எரிகிறது. தட்டாத எஞ்சினில் தட்டுதலைத் தடுக்கும் பெட்ரோலை ஊற்றிப் பயன் என்ன?

சேற்றிலும் மணலிலும் ஓடும் வண்டிக்கு எண் கூட வேண்டும் என்று சிலர் வாதிப்பர். சுமை கூடினால் எஞ்சின் சூடேறித் தட்டுவதற்கு இடம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அச்சுமையைக் கணக்கிட்டுத்தான் செய்பவர்கள் எஞ்சினை அமைத்து, அதற்கான எண்ணைக் கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கடற்கரை மணலில் ரோந்து செல்லும் பருத்த சக்கர வண்டியானாலும், சேற்றில் நடக்கும் நடவு இயந்திரமானாலும், எண்ணைத் தீர்மானிப்பது எஞ்சினேயன்றி அது ஓடும் தரையன்று.

எண் குறைந்தால் நேரும் தீங்கு

வேண்டியதற்கு மேற்பட்ட எண்ணால் பணம் மட்டுமே வீண். வேண்டியதற்குக் குறைந்த எண்ணாலோ எஞ்சினே வீண். இன்று பங்கில் விற்கும் சாதாரணப் பெட்ரோல் நம் வயல் எஞ்சின்களுக்குப் போதுமான எண் உடையது. அது குறைவது பெரும்பாலும் கலப்படத்தால்தான். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் எண் விரைந்து இறங்கும், புகை மிகும், பிளக்கில் கரி படியும், எஞ்சின் தட்டும். பெட்ரோலில் பிற எண்ணெய் கலப்பது அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ்க் குற்றமும் ஆகும்.

"முன்னாளில் மண்ணெண்ணெயிலேயே டிராக்டரும் பம்ப்செட்டும் ஓடவில்லையா?" என்று பெரியோர் கேட்கக்கூடும். ஓடின. ஆனால் அவை குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட எஞ்சின்கள்; பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதனைக் கண்டு இன்றைய நடவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் கலப்பது தவறு.

தட்டும் ஒலி கேட்டவுடன் விலை உயர்ந்த பெட்ரோலைத் தேடவும் வேண்டாம். காற்றால் குளிரும் எஞ்சினின் சிறகுகளுக்கிடையே சேறும் வைக்கோல் தூளும் அடைத்திருந்தால் எஞ்சின் சூடேறித் தட்டும். உள்ளே கரி படிந்திருந்தாலும், பிளக் தவறான வகையாயினும், பொறி எழும் நேரம் முந்தியிருந்தாலும் தட்டும். இவற்றைப் பார்த்துச் சரிசெய்வதே முதல் வேலை.

பங்கில் கிடைப்பவை எவை?

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நெறிமுறை நாடெங்கும் அமலுக்கு வந்தபோது, சாதாரணப் பெட்ரோலுக்கு உரிய ஆக்டேன் எண் 91. 20 சதவீத எத்தனால் கலந்த பின் இந்த எண் 95 ஆக உயர்ந்துள்ளதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025ல் விளக்கியது. இவையன்றி எக்ஸ்.பி. 95, ஸ்பீட் 97, எக்ஸ்.பி. 100 போன்ற பெயர்களில் விலை கூடிய வகைகளும் உண்டு. எக்ஸ்.பி. 100 வகையை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்டபோது, டில்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். அப்போது அங்கே சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய் அளவில் இருந்தது. விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்களுக்கும் கார்களுக்கும் உரிய சரக்கு அது. நடவு இயந்திரத்துக்கு உரியதன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு 6 லிட்டர் வீதம் 40 நாட்கள் ஓடுவதாகவும், விலை வித்தியாசம் லிட்டருக்கு 10 ரூபாய் என்றும் கொண்டால், பருவத்துக்கு 2,400 ரூபாய் வீணாகிறது. இத்தொகையில் எஞ்சின் எண்ணெய் மாற்றலாம். புது பிளக்கும் வடிகட்டியும் வாங்கலாம். இயந்திரத்தின் ஆயுளைக் கூட்டுபவை இவைதாம்.

கைப்புத்தகத்தைப் படிக்கும் முறை

எந்த எண் வேண்டும் என்பதற்குக் கைப்புத்தகமே பிரமாணம். அதனைப் படிக்கையில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆக்டேன் எண்ணை அளக்க 'ஆராய்ச்சி முறை', 'மோட்டார் முறை' என்று இரண்டு முறைகள் உண்டு. ஒரே பெட்ரோலுக்கு மோட்டார் முறையில் கிடைக்கும் எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்தியாவில் பங்கில் எழுதப்படும் எண் ஆராய்ச்சி முறையைச் சேர்ந்தது. அமெரிக்காவிலோ இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். ஆகையால் அவர்களுடைய 86 அல்லது 87, நம்முடைய 91க்கு ஏறக்குறையச் சமம். வெளிநாட்டு எஞ்சினின் புத்தகத்தில் இரண்டு எண்களும் அருகருகே அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அதனைக் கண்டு எவரும் மயங்க வேண்டாம்.

புத்தகத்தில் 91 என்றிருந்தால் சாதாரணப் பெட்ரோல் போதும். 95க்கு மேல் என்றிருந்தால் அதனை வாங்கித்தான் ஆகவேண்டும். அங்கே சிக்கனம் கூடாது. புத்தகம் தொலைந்துவிட்டதானால், எஞ்சின் மீதுள்ள வகை எண்ணைக் குறித்துக்கொண்டு விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம்.

எண்ணைவிட முக்கியமான எத்தனால்

இன்றைய நிலையில் அங்கத்தினர் அதிகம் கவனிக்கவேண்டியது ஆக்டேன் எண்ணையன்று, எத்தனாலையே ஆகும். கரும்பு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பது விவசாயிக்குச் சந்தை தருவதும், அயல்நாட்டு எண்ணெய்ச் செலவைக் குறைப்பதுமான திட்டம். 2022ல் 10 சதவீதத்தை எட்டிய கலப்பு, 2025ல் 20 சதவீதத்தை எட்டியது.

ஆனால் பல சிறு எஞ்சின்களின் புத்தகங்களில், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று எழுதியிருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலில் ஊறித் தளர்ந்து கசியக்கூடும். உங்கள் எஞ்சின் 20 சதவீதத்துக்கு ஏற்றதா என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றதன்று எனின், தக்க குழாய்களையும் வளையங்களையும் மாற்றிக்கொள்ளும் வழியையும் அவரிடமே கேட்கவேண்டும்.

மற்றொன்று, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நாகூர் கடலோர ஊர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாயிருக்கும். பாதி நிரம்பிய டாங்கியில் மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோலில் ஈரம் சேர்ந்துகொண்டே வரும். மழைநீரும் மூடி வழியே இறங்கும். ஓர் அளவுக்கு மேல் போனால், நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரையே. எஞ்சின் எவ்வாறு கிளம்பும்? எத்தனால் பிரிந்துபோனதால் மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய எண் டாங்கியிலேயே கரைந்துபோகிறது.

எத்தனால் இல்லாவிடினும், பெட்ரோல் நெடுநாள் தாங்கும் பொருளன்று. எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைக்கும்.

பருவம் முடிந்ததும் செய்யவேண்டியவை

இயந்திரம் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறதென்றால், டாங்கியிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிடவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, குழாயில் எஞ்சியதும் தீர்ந்து தானாக நிற்கச் செய்யவேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, அதில் தங்கியதையும் வடிக்கவேண்டும். கால் மணி நேர வேலை இது. வடித்த பெட்ரோல் புதியதாயிருந்தால் வேறு வண்டிக்கு உடனே பயன்படுத்திவிடலாம்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் நெசவாளர் சங்கத்தார் இதில் இன்னும் கருத்தாயிருத்தல் வேண்டும். ஆண்டில் சில நாட்களே ஓடும் இயந்திரம் அது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் பழைய பெட்ரோல் நிரம்பிய ஜெனரேட்டர் கைகொடுக்காது. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதும், மழைக்காலத்துக்கு முன் புதுப் பெட்ரோல் மாற்றுவதும் நல்லது. ஓட்டும்போது தறிக்கூடத்துக்குள் வைக்காமல் வெளியே திறந்த இடத்தில் வைக்கவேண்டும். அதன் புகை உயிரைப் பறிக்கும் நச்சு.

சேமிப்பதிலும் விதி உண்டு. 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரையில் உரிமம் இன்றி வைத்திருக்கலாம். உலோகக் கலமாயின், ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலிலும் பிளாஸ்டிக் குடத்திலும் வாங்கிவந்து, உரமூட்டைக்கும் நெல்மூட்டைக்கும் நடுவே வைக்கும் பழக்கத்தை அறவே விடவேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கும் அளவும் புத்தகப்படியே இருக்கவேண்டும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர். 25க்கு 1 என்றால் 40 மில்லி லிட்டர். அன்றன்று வேண்டிய அளவே கலக்கவேண்டும். எண்ணெயின்றி வெறும் பெட்ரோல் ஊற்றினால், எந்த ஆக்டேன் எண்ணும் அந்த எஞ்சினைக் காப்பாற்றாது, பிஸ்டன் இறுகிவிடும்.

சங்க நிர்வாகத்தாருக்கு

1. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்து, எஞ்சின் வகை, புத்தகம் கூறும் ஆக்டேன் எண், எத்தனால் வரம்பு ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதுக.

2. பெட்ரோல் வாங்கிய தேதி, அளவு, வகை, ஓடிய மணி நேரம் ஆகியவற்றை அன்றன்றே பதிவு செய்க. ஓடிய நேரம் அதே அளவாயிருக்கச் செலவு கூடினால், பழுதோ கசிவோ இருப்பது அப்போதே தெரியவரும்.

3. டாங்கியின் மூடியருகே, பெட்ரோலா டீசலா என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க. ஆள் மாறும்போது எரிபொருளும் மாறிவிடுவதுண்டு.

4. வாடகைக்கு எடுத்தவர் தாமே பெட்ரோல் ஊற்றுவதாயின், பற்றுச்சீட்டைக் காட்டிய பின்னரே இயந்திரம் கொடுக்க.

5. பருவ முடிவில் டாங்கியை வடித்ததற்கு ஓட்டுபவரும் செயலாளரும் நாட்குறிப்பில் கையொப்பமிடுக.

மேலே கூறிய சங்கத்தின் நடவு இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் பிரித்தபோது, முந்திய பருவத்துப் பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாய் ஒட்டியிருந்தது. டாங்கியின் அடியில் நீர் நின்றது. ஊற்றியது விலை உயர்ந்த வகைதான். ஆனால் மாதக்கணக்கில் எவரும் அதனை வடிக்கவில்லை. தணிக்கைக்குச் சென்ற நானும் பற்றுச்சீட்டின் விலையைப் பார்த்தேனேயன்றி, கொட்டகையில் நின்ற இயந்திரத்தின் டாங்கியைத் திறந்து பார்க்கவில்லை. அந்தக் குறை என்னுடையதுங்கூட. அந்த அம்மாளின் ஒன்றரை ஏக்கரும் பின்னர் ஆள் வைத்துக் கையாலேயே நடப்பட்டது. அவ்வாரத்தில் எல்லோரும் ஆள் தேடியமையால் கூலியும் அதிகம்.

அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது அவரைக் கண்டு, கேள்விக்குரிய பதிலைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் நம்பரைப் பார்ப்பதைவிட டாங்கியைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று சொல்லுங்கள் ஐயா. கொட்டகையைப் பூட்டுமுன் வடித்துவிட்டார்களா என்று நானே வந்து பார்க்கிறேன்" என்றார். இயந்திரம் சங்கத்தின் சொத்து. அதாவது அவருடைய சொத்து. அவரைப் போலவே ஒவ்வொரு அங்கத்தினரும் கொட்டகை வரை வந்து கேட்பாராயின், அடுத்த நடவுப் பருவத்தில் எந்தச் சங்கத்தின் நாற்றும் இயந்திரத்துக்காகக் காத்து முதிர வேண்டியிராது.